மரத்தடிக்கும் சாலைக்கும் நடுவே

அறுவடையின் மூன்றாம் நாள் ஒரு மைப்பேனாவை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனேன். நூறு ஆப்பிள்களின் காம்புக் குழிக்குள் ஒவ்வொரு புள்ளி வைத்தேன். பறித்துக் கூடையில் போட்டதும் அந்த நூறையும் வெளியே எடுத்துப் பார்த்தேன்: 4 பழத்தில் அடி. முதுகில் சுமந்து சாலைக்கு இறக்கியதும் மறுபடி பார்த்தேன்: 17. பெட்டியை நிழலில் அப்படியே வைத்திருந்து மறுநாள் மாலை திறந்தபோது 41. நடுவில் யாரும் பெட்டியைத் தொடவில்லை. அடி முன்பே பட்டுவிட்டது. தோலுக்குக் கீழே சதை பழுப்பாக நிறம் மாற நேரம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதுவரை நான் வியாபாரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். காலையில் நல்ல பழம் அனுப்பினோம், மாலையில் பாதியைக் கழித்து எடை போடுகிறார், ஏமாற்றுகிறார் என்று. அந்தப் புள்ளி வைத்த பெட்டியைப் பார்த்த பிறகு திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

தோட்டம் ஒன்றரை ஏக்கர், செங்குத்தான சரிவு. 90 ஆப்பிள் மரம், 30 பேரி, 20 பிளம்ஸ். கீழே சாலைக்கு வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதை 600 மீட்டர். நேராகக் கோடு போட்டால் 210 மீட்டர்தான், ஆனால் அதில் 90 மீட்டர் இறக்கம். மரத்துக்கு உரம் வைப்பது, கவாத்து செய்வது, மருந்து அடிப்பது எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காய் மரத்தை விட்டுப் பிரிந்த பிறகு என்ன ஆகிறது என்பதை மட்டும் ஒருநாளும் பின்னாலேயே போய்ப் பார்த்ததில்லை. சரி, சாலையிலிருந்து மரத்தை நோக்கிப் பின்னோக்கி வேலை செய்வோம் என்று முடிவு செய்தேன். நான்கு அறுவடை ஆகிவிட்டது. அந்த நான்கு வருடக் குறிப்பேடுதான் இது.

பறிக்கிற கை

முதல் 4 அடியும் பறிக்கும்போது பட்டவை. அதில் மூன்று, நகம். ஒன்று, கூடைக்குள் முழங்கை உயரத்திலிருந்து போட்டது. நகம் வெட்டும் கருவி ஒன்றைக் கொட்டகைக் கதவில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். மொத்தத் திட்டத்திலும் இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு பலன் தந்தது வேறில்லை.

பறிக்கும் முறையையும் மாற்றினோம். பழத்தை இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி, லேசாகத் திருப்பினால் முதிர்ந்த காய் காம்போடு வந்துவிடும். இழுத்தால் காம்பு பிய்ந்து போகும். சில நேரம் காய் உட்கார்ந்திருந்த குட்டைக் கிளையே கையோடு வரும். அந்தக் கிளையில்தான் அடுத்த வருடப் பூமொட்டு இருக்கிறது. இரண்டு வருட விளைச்சலை ஒரே இழுப்பில் பறிக்கிற வேலை.

கூடைக்குப் பதிலாக மார்பில் மாட்டும் பை தைத்தேன். பழைய தார்ப்பாயில் தைத்தது. அடிப்பக்கம் திறந்திருக்கும், அதை மேலே மடித்துக் கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம். பை நிறைந்ததும் பிளாஸ்டிக் கிரேட்டுக்குள் பையை இறக்கி, கொக்கியைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பையை மேலே தூக்கினால் பழம் உருண்டு தங்கும், விழாது. முதல் பை தோளை அறுத்தது. இரண்டாவதில் பட்டையை முதுகில் குறுக்காகப் போட்டுத் தைத்தேன், சரியானது.

கிரேட்டை விளிம்புவரை நிரப்பக் கூடாது, இரண்டு விரல் குறைவாக நிறுத்த வேண்டும். இதைச் சொல்வது சுலபம். ஒருவரும் கேட்கவில்லை. நிறைய நிரப்பினால் நடை குறையும் என்பது அவர்கள் கணக்கு. கடைசியில் எல்லா கிரேட்டிலும் உள்பக்கம் சிவப்பு வண்ணத்தில் கோடு போட்டேன். கோட்டுக்கு மேல் பழம் இருந்தால் அடுக்கும்போது மேல் கிரேட்டின் அடி அதை நசுக்கும். கோடு போட்ட பிறகு வாதம் நின்றது.

ஒரு தவறையும் எழுதிவிடுகிறேன். கிரேட்டின் அடியில் மெத்தை மாதிரி இருக்கட்டும் என்று காய்ந்த புல் பரப்பினேன். புல்லின் நுனி தோலைக் குத்தியது, ஈரத்தை இழுத்துப் பூசணம் பிடித்தது, பழத்தில் புல் வாசனையும் ஏறியது. எல்லாவற்றையும் அள்ளி உரக்குழியில் கொட்டினேன். இப்போது காகிதம் மட்டும்.

பறிக்கும் நேரமும் ஒரு விஷயம். விடியற்காலையில் பழம் குளிர்ந்திருக்கும், அப்போதே பறித்துவிட வேண்டும் என்று தொடங்கினேன். ஆனால் அந்த நேரத்தில் காய் நீர் முட்டி விறைப்பாக இருக்கும். கொஞ்சம் இடித்தாலும் அடி விழும். பனி ஈரம் காய்ந்த பிறகு தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் நிறுத்துவதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது.

கம்பி வடம்

4-லிருந்து 17-க்கு ஏற்றியது அந்த 600 மீட்டர் பாதை. முதுகுக் கூடையில் கீழே இருக்கும் பழம் மேலே இருக்கும் பழத்தின் மொத்த எடையையும் ஒவ்வொரு படிக்கும் குலுங்கிக் குலுங்கித் தாங்குகிறது. பாதையைச் செப்பனிடலாமா என்று யோசித்தேன். ஒரு மழைக்குப் போய்விடும். அப்புறம்தான் வடம்.

நேபாள மலைக் கிராமங்களில் ஆப்பிளும் காய்கறியும் இறக்க இப்படிப்பட்ட வடங்களைப் போட்டிருக்கிறார்கள். மின்சாரமோ இயந்திரமோ இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டில். இரண்டு தொட்டிலையும் இணைத்து ஓர் இழுவடம் மேலேயும் கீழேயும் இருக்கும் பெரிய கப்பிகளைச் சுற்றி ஓடுகிறது. மேலே சுமை ஏற்றிய தொட்டில் தன் எடையாலேயே இறங்கும். அது இறங்க இறங்க மற்றது மேலே வரும். கீழிறங்கும் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மேலே ஏற்றலாம். இந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்தது. பழம் இறங்கும்போது தொழுவுரம் தானாக ஏறி வரும்!

வடத்தின் தடிமன், தூண், நங்கூரக் குழி இதெல்லாம் நானே கணக்குப் போடவில்லை, போடவும் கூடாது. வடம் கட்டிப் பழகிய ஒருவரை அழைத்து வந்தோம். எங்கள் பங்கு குழி தோண்டுவதும், கல் சுமப்பதும், வடத்தை மேலே இழுப்பதும். அந்த ஒரு நாளைத் தனியாக எழுத வேண்டும். 210 மீட்டர் இரும்பு வடத்தைச் சுருளோடு யாராலும் தூக்க முடியாது. சுருளைப் பிரித்து, பதினான்கு பேர் பதினைந்து மீட்டருக்கு ஒருவராகத் தோளில் போட்டுக்கொண்டு, பாம்பு போகிற மாதிரி பாதையில் ஏறினோம். முன்னால் போகிறவர் வளைவில் நின்றால் பின்னால் வருகிறவர் அனைவரும் சரிவில் நிற்க வேண்டும். நடுவில் ஒருவருக்குத் தும்மல் வந்ததற்கு எல்லோரும் ஆடினோம்.

கட்டி முடித்த பிறகு வந்த பிரச்சினைகள்:

முதலாவது, வடத்தின் தொய்வு. வெறும் வடம் மரங்களுக்கு மேலே தாராளமாகப் போனது. சுமை ஏறியதும் நடுவில் இறங்கி ஒரு பேரி மரத்தின் உச்சியைச் சீவியது. மரத்தின் தலையைக் குறைத்தோம். மணல் மூட்டை கட்டி ஓடவிட்டுப் பார்த்திருந்தால் ஒரு கிரேட் பிளம்ஸ் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, பிரேக். கப்பியின் விளிம்பில் மரக்கட்டையை நெம்புகோலால் அழுத்தும் எளிய ஏற்பாடு. பிடிக்காமல் விட்டால் தொட்டில் வேகம் கூடிக்கொண்டே போகும். முதல் நாள் ஐந்தாவது நடையில் கட்டை கருகிய வாசனை வந்தது. கடைசியில் மட்டும் இறுக்கிப் பிடித்ததுதான் காரணம். ஆரம்பத்திலிருந்தே லேசாகத் தொட்டுக்கொண்டு வந்தால் கருகாது. மழையில் கட்டை வழுக்கும், அதனால் மழையில் வடம் ஓடாது. இது எழுதப்பட்ட விதி. இன்னொரு விதி, ஆள் ஏறக் கூடாது. யார் கெஞ்சினாலும் சரி, குழந்தை அழுதாலும் சரி.

மூன்றாவது, கீழே இருப்பவருக்கும் மேலே இருப்பவருக்கும் பேச்சு. கைபேசி சரிவில் சிக்னல் விட்டுவிட்டு வரும். இழுவடத்தை ஒரு தடியால் தட்டினால் மறுமுனையில் தெளிவாகக் கேட்கிறது. இரண்டு தட்டு ‘தயார்’, மூன்று ‘நிறுத்து’. கீழ்முனையில் பழைய டயர்களைக் கட்டி முட்டுக் கொடுத்தோம்.

ஒரு நடைக்கு நான்கு கிரேட், கிரேட்டுக்கு 18 கிலோ. முதுகில் ஒரு நாள் முழுக்க இறக்கியதை ஒரு முற்பகலில் இறக்கினோம். மறுபடி நூறு புள்ளி வைத்துப் பார்த்தேன். சாலையில் 17 இருந்த இடத்தில் 6.

காத்திருக்கும் பழம்

வண்டி சொன்ன நேரத்துக்கு வராது. அது வியாபாரியின் குற்றம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். மலைச் சாலை அப்படி. அதுவரை பெட்டிகள் சாலையோரத்தில் வெயிலில் கிடந்தன. பழம் பறித்த பிறகும் மூச்சு விடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த மூச்சு இரண்டு மூன்று மடங்காகிறது. அதற்கேற்ப அதன் ஆயுளும் கரைகிறது.

முதலில் செங்கல் குளிர் அறை கட்டினேன். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய வடிவம் அது. இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் 7.5 சென்டிமீட்டர் இடைவெளி, அதில் ஆற்று மணல். மணலை நனைத்து வைத்தால் நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். மின்சாரம் வேண்டாம். காற்று வறண்டிருந்த முதல் இரண்டு வாரம் அருமையாக வேலை செய்தது. பிறகு மூடுபனி இறங்கியது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது மணலில் உள்ள நீர் எங்கே ஆவியாகும்? சுவர் பாசி பிடித்தது, காம்புகளில் பூசணம் வந்தது. வறண்ட சமவெளிக்கு ஏற்ற நல்ல கருவியை ஈர மலையில் வைத்தது என் தவறு. இப்போது அதில் நாற்றுக் குச்சிகள் இருக்கின்றன.

மலையில் இலவசமாகக் கிடைக்கும் குளிர் இரவுக் காற்று. சாலையோரக் கொட்டகையின் மேற்சரிவுப் பக்கச் சுவரில், தரையை ஒட்டி நான்கு துளைகள். எதிர்ப்பக்கம் கூரையை ஒட்டி இரண்டு. கூரைக்கு அடியில் வெயில் சூட்டைத் தடுக்கத் தடித்த அடுக்கு. இரவு எட்டு மணிக்குத் துளைகளைத் திறந்துவிட்டு, விடிந்ததும் அடைத்துவிட வேண்டும். இரவெல்லாம் சரிவில் வழியும் குளிர் காற்று கீழே நுழைந்து சூட்டை மேலே தள்ளும். வெளியே பகலில் 22 டிகிரி இருந்த வாரத்தில் உள்ளே 13-ஐத் தாண்டவில்லை. ஒரே தொல்லை, யாராவது ஒருவர் மறக்காமல் அடைக்க வேண்டும். மறந்த நாளில் கொட்டகை அடுப்பாகிவிடும். இரண்டு தடவை ஆகியிருக்கிறது, இரண்டு தடவையும் மறந்தது நான்.

ஒரு கருத்தையும் சேர்த்துவிடுகிறேன். நல்ல குளிர் கிடங்கு என்றால் ஆப்பிளை மாதக்கணக்கில் வைக்கலாம், உண்மைதான். ஆனால் அடிபட்ட பழத்தை உள்ளே வைத்தால் அடிபட்ட பழம்தான் வெளியே வரும், அதுவும் அழுகி. கிடங்கு இல்லாததால்தான் நஷ்டம் என்று சொல்கிறவர்கள் முதலில் புள்ளி வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

எப்போது பறிப்பது

பெட்டிக்குள் இருப்பது சரியான பழமா என்பதே அடுத்த கேள்வி. எங்கள் சரிவில் எல்லோரும் நிறத்தைப் பார்த்துப் பறிப்பார்கள். ஒரே மரத்தில் வெயில் படும் பக்கம் சிவந்திருக்கும், உள்கிளையில் பச்சையாக இருக்கும், இரண்டும் ஒரே நாளில் முதிர்ந்திருக்கலாம். சிவப்பு வெயிலைச் சொல்கிறது, முதிர்ச்சியை அல்ல. தோலின் அடி நிறம் கரும்பச்சையிலிருந்து வெளிறுகிறதா என்று பார்ப்பது அதைவிட நம்பகமானது.

அயோடின் சோதனைக்கு மாறினேன். 10 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதில் 2.5 கிராம் அயோடின் சேர்த்து நன்றாகக் கரைந்ததும் ஒரு லிட்டர் ஆக்க வேண்டும். ஆப்பிளை இடுப்பில் குறுக்காக வெட்டி, வெட்டிய முகத்தை ஒரு நிமிடம் அதில் வைத்து எடுத்தால் மாவுச்சத்து இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். மாவு சர்க்கரையாக மாறுவது நடுவிலிருந்து தொடங்கி வெளியே பரவும். முழுக்கக் கறுப்பு என்றால் காய். நடுப்பகுதி மட்டும் வெளுத்து, சதை பெரும்பாலும் கறுப்பாக இருந்தால் சேமித்து வைக்கலாம். பாதி வெளுத்திருந்தால் உடனே விற்க வேண்டிய பழம். முழுக்க வெளுத்தால் நாள் கடந்துவிட்டது. சோதித்த பழத்தைத் தின்னக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது.

வாரத்துக்கு இரண்டு நாள், மரத்துக்கு மரம் மாற்றி, பத்துப் பழம் வெட்டினேன். கறை படிந்த துண்டுகளை வரிசையாகப் புகைப்படம் எடுத்துத் தேதி போட்டுக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். நாங்கள் வழக்கமாகப் பறிக்கும் தேதி கிட்டத்தட்ட ஒன்பது நாள் முந்தியது என்று தெரிந்தது. சந்தைக்கு முதலில் போக வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோரும் மாவைத்தான் விற்றுக்கொண்டிருந்தோம்.

பேரியில் கதை தலைகீழ். மரத்திலேயே கனியட்டும் என்று விட்டோம், கனிவாகத்தான் இருந்தது, வெட்டினால் நடு அழுகல். பேரி உள்ளிருந்து வெளியே கனிகிறது. வெளியே மென்மையாகும்போது உள்ளே காரியம் முடிந்திருக்கும். இப்போது கடினமாக இருக்கும்போதே, பழத்தைத் தூக்கிக் கிடைமட்டமாக்கினால் காம்பு கழன்று வருகிறதா என்று பார்த்துப் பறிக்கிறோம். கொட்டகையில் கனியவைத்து, காம்பை ஒட்டிய கழுத்தில் பெருவிரலால் அழுத்திப் பார்த்து அனுப்புகிறோம். பிளம்ஸைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அது எப்படியும் அவசரக்காரப் பழம்.

மரத்துக்கு வந்து சேர்ந்தது

தரம் பிரிக்கும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அடிபடாத பழங்களிலும் நிறைய ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் சூம்பியிருந்தன. வெட்டிப் பார்த்தேன். ஆப்பிளில் ஐந்து விதை அறை, அறைக்கு இரண்டு என்று வழக்கமாகப் பத்து விதை வரை இருக்கும். கோணல் பழங்களில் இரண்டு மூன்று மட்டும். மகரந்தம் போதவில்லை.

காரணம் வெட்கக்கேடாக எளியது. 90 ஆப்பிள் மரமும் ஒரே வகை. ஆப்பிள் தன் வகை மகரந்தத்தை ஏற்பது அரிது. இத்தனை வருடம் கிடைத்த காய்ப்பே யாரோ எங்கோ வளர்த்த மரத்தின் புண்ணியம். அந்த வசந்தத்தில் அவசர மருத்துவமாக, வேறு வகை மரத்தின் பூங்கிளைகளை வெட்டி வந்து தண்ணீர் வாளிகளில் வைத்து மரங்களில் தொங்கவிட்டோம். தேனீப் பெட்டிகள் இரண்டும் வைத்தோம். குளிர் 10, 12 டிகிரிக்குக் கீழே போனால் தேனீ பெட்டியை விட்டு வெளியே வராது. அந்த வசந்தத்தில் பாதி நாள் வரவில்லை.

நிரந்தர வழி ஒட்டுக் கட்டுவது. ஆறு மரத்துக்கு ஒரு மரத்தில், இரண்டு பெரிய கிளைகளை வெட்டி, பட்டை கழன்று வரும் பருவத்தில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மூன்று மொட்டுள்ள ஒட்டுக்குச்சிகளைச் செருகிக் கட்டி மெழுகு பூசினேன். மரம் மூச்சு முட்டாமல் இருக்க ஒரு பழைய கிளையை விட்டுவைத்தேன். 60 குச்சி வைத்ததில் துளிர்த்தது 7.

கத்தி மழுங்கலா, மெழுகு சூடா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். குச்சிகளைக் குளிர்காலத்தில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன், அதெல்லாம் சரி. ஆனால் அதே பெட்டியின் கீழ்த்தட்டில் சாப்பிடுவதற்கு ஒரு பை ஆப்பிள் இருந்தது. ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு உறக்கத்தில் இருக்கும் மொட்டுகளைக் கெடுத்துவிடும். ஆப்பிள் ஒட்டுக்குச்சியை ஆப்பிளே கொன்றிருக்கிறது. அடுத்த வருடம் வீட்டில் பழம் வைக்காமல் குச்சி வைத்தேன், 60-க்கு 52.

எந்த வகையை ஒட்டுவது என்பதற்குக் குளிர் மணி கணக்கு வேண்டும். குளிர்காலத்தில் வெப்பம் 0-க்கும் 7.2 டிகிரிக்கும் நடுவில் இருக்கும் மணி நேரத்தைக் கூட்டுவார்கள். ரெட் டெலிஷஸ் மாதிரி ஆப்பிள் வகைகள் உறக்கம் கலைந்து சரியாகப் பூக்க ஆயிரம் மணி அளவில் வேண்டும். இஸ்ரேலில் உருவான அன்னா வகைக்கு 200, 300 போதும். சரிவின் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் வெப்பமானி மாட்டிக் குறித்தேன். 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பது பாடப் புத்தகம். எங்கள் தோட்டத்தில் தெளிந்த இரவுகளில் கீழ்க்கோடிதான் நடுச்சரிவைவிட 3 டிகிரி குளிர்ந்திருந்தது. குளிர் காற்று தண்ணீர் மாதிரி கனமாகி இறங்குகிறது. கீழே நான் காற்றுத் தடுப்பாக வளர்த்திருந்த அடர்ந்த வேலி அதற்கு அணை கட்டியிருந்தது. மலர்ந்த ஆப்பிள் பூவுக்கு மைனஸ் 2 டிகிரியிலேயே சேதம் தொடங்கும், மைனஸ் 4-இல் அநேகமாக எல்லாம் போய்விடும். கீழ்வரிசை மரங்கள் ஏன் காய்ப்பதே இல்லை என்று பத்து வருடமாக மண்ணைச் சந்தேகித்திருக்கிறேன். வேலியில் மூன்று இடத்தில் வாசல் மாதிரி வெட்டிவிட்டேன். அந்த வருடம் கீழ்வரிசை காய்த்தது.

காய்த்ததும் அதைக் கழிக்க வேண்டி வந்தது. கொத்துக்கு ஒரு பிஞ்சு, ஒரு சாண் இடைவெளி, பூ முடிந்து ஐந்தாறு வாரத்துக்குள். அதற்குள் கழித்தால்தான் மிஞ்சியது பெருக்கும். அடுத்த வருடப் பூமொட்டும் அப்போதுதான் உருவாகிறது. மரம் முழுக்கக் காய்க்க விட்டால் மறுவருடம் ஓய்வெடுத்துக்கொள்ளும். மேல்தோட்டத்து அக்கா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, “காய் வேணாம்னா எதுக்குத் தம்பி மரம் வச்சே?” என்று கேட்டார். மூன்று மரங்களை அவர் சொன்னபடி கழிக்காமல் விட்டேன். அறுவடையில் அந்த மூன்றிலும் எண்ணிக்கை கூடுதல்தான், எல்லாம் எலுமிச்சை அளவு. மறுவருடம் மூன்றிலும் பூவே இல்லை. இப்போது அக்காவே கழிக்கிறார், என்னைவிடக் கடுமையாக.

விற்றது

60, 65, 70, 75 மில்லிமீட்டர் வட்டங்கள் வெட்டிய ஒட்டுப்பலகை ஒன்றுதான் எங்கள் தரம் பிரிக்கும் இயந்திரம். மூன்று குவியல்: பெரியது, சிறியது ஆனால் குறையற்றது, அடிபட்டது. அடிபட்டதைச் சந்தைக்கு அனுப்புவதே இல்லை; அன்றே சாறாகவோ வற்றலாகவோ ஆகிவிடும். மூடுபனியில் வற்றல் போடப் போய்ப் பூசணம் பார்த்த கதையை விட்டுவிடுகிறேன்.

முதல் மூன்று நடை தரம் பிரித்து அனுப்பியதற்கு வியாபாரி பழைய விலையே கொடுத்தார். வயிறெரிந்தது. ஆனால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. எங்கள் சரிவிலிருந்து வரும் எந்தப் பெட்டியையும் அவர் கவிழ்த்துத்தான் பார்ப்பார், மேலே நல்லதும் அடியில் சொத்தையும் இருக்கும் என்று. அப்படி வைத்துப் பழக்கியது நாங்கள்தான். அந்தப் பருவத்தின் கடைசி வாரத்தில் அவர் கவிழ்க்காமலே எடை போட்டார். அடுத்த பருவத்தில் முன்கூட்டியே ஆள் அனுப்பி, எத்தனை பெட்டி வரும் என்று கேட்டார். விலையைப் பற்றிப் பேச வாய் கிடைத்தது அப்போதுதான்.

ஒரு தோட்டத்துப் பெட்டிகள் ஒரு வண்டியை நிரப்பாது. பாதி வண்டிக்கும் முழு வாடகை. ஐந்து தோட்டம் சேர்ந்தோம். இத்தாலியின் தெற்கு டிரோல் மலைப்பகுதியில் சில ஹெக்டேர் மட்டுமே வைத்திருக்கும் குடும்பங்கள் கூட்டுறவாகச் சேர்ந்துதான் ஐரோப்பியச் சந்தையில் நிற்கின்றன. அதைப் படித்துவிட்டு வந்த உற்சாகத்தில் இருந்தேன். முதல் வாரமே சண்டை. ‘என் பழத்தோடு அவன் பழத்தைக் கலந்துவிட்டாய்.’ இரண்டு ஏற்பாட்டில் அடங்கியது. ஒவ்வொரு கிரேட்டிலும் தோட்ட எண் போட்ட தகடு. தன் பழத்தைத் தான் தரம் பிரிக்கக் கூடாது, அடுத்தவர்தான் பிரிக்க வேண்டும். கணக்கு நோட்டு கொட்டகையில் கயிற்றில் தொங்கும், நகவெட்டியின் பக்கத்தில். ஒருவர் விலகிக்கொண்டார். நான்கு பேர் இருக்கிறோம்.

இன்னும் தீராதது, எல்லோரிடமும் ஒரே வகை மரம் இருப்பது. இமாச்சலப் பிரதேசத்தின் கோட்கரில் 1916-இல், அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ் கொண்டுவந்து நட்ட டெலிஷஸ் வகை அந்த மலைப்பகுதியின் வாழ்க்கையையே மாற்றியது. ஒரு வகை வென்றால் எல்லோரும் அதையே நடுவார்கள், எல்லோருக்கும் ஒரே பதினைந்து நாளில் பழம் வரும், சந்தையும் அந்தப் பதினைந்து நாளில் விழும். மகரந்தத்துக்காக நான் ஒட்டிய வகை மூன்று வாரம் முந்திப் பழுக்கிறது. அதை நினைத்து ஒட்டவில்லை, ஆனால் இப்போது மற்ற மூவரும் குச்சி கேட்கிறார்கள்.

இந்த அறுவடையிலும் நூறு புள்ளி வைத்தேன். பறித்ததும் 1. சாலையில் 3. மறுநாள் மாலை 9. அந்த ஒன்பதையும் வெட்டிப் பார்த்தேன். ஆறு பழத்தில் இருப்பது அடி இல்லை, குத்து. பக்கத்துப் பழத்தின் காம்பு தோலைத் துளைத்திருக்கிறது. காம்பை ஒட்ட நறுக்கிவிட்டால் தீர்ந்தது என்று வளைந்த மூக்குள்ள சிறிய கத்தரி நான்கு வாங்கிவிட்டேன். வியாபாரியிடம் இரண்டு பெட்டி மாதிரிக்குக் காட்டினேன். காம்பைக் காணோமே, கீழே விழுந்ததைப் பொறுக்கியதா என்று கேட்டுவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தார்.